இ.எம்.இ. ஹவில்தார், கையில் ஏ.எம்.ஐ.இ.: ஜே.இ. வேலைக்கு எது செல்லும்?

வி.எம்._ஆவடி
வணக்கம். ராணுவத்தின் இ.எம்.இ. (மின்னணு, இயந்திரப் பொறியியல்) பிரிவில் வாகன மெக்கானிக் (வி.எம்.), ஹவில்தார். 24 வருட சர்வீஸ் முடித்து அடுத்த வருடம் 42 வயதில் வெளியே வருகிறேன். ஏ.எம்.ஐ.இ. (இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் நடத்தும் பொறியியல் தேர்வு) மெக்கானிக்கலில் 2011-ல் பதிந்து 2018-ல் செக்‌ஷன் பி (இறுதிப் பகுதி) முடித்தேன். ராணுவத்திலிருந்து பட்டதாரிக்கு இணை என்ற சான்றிதழும் கிடைக்கும். ஜே.இ. (ஜூனியர் இன்ஜினியர்) விண்ணப்பத்தில் எதைக் காட்டுவது? வயது தடையாகுமா?

சுபேதார்_வேலூர்
தம்பி, முதலில் அந்த இணைச் சான்றிதழை ஒதுக்கி வையுங்கள். முன்னாள் படைவீரருக்கான 1979 மறுவேலைவாய்ப்பு விதிகளின்படி, பத்தாவது தேறி 15 வருடம் சேவை செய்தவர், பட்டப்படிப்பு கேட்கும் மத்திய அரசின் குரூப் சி (கீழ்நிலை) பதவிகளுக்குத் தகுதி பெறலாம். தொழில்நுட்ப அனுபவம் கட்டாயம் என்று போட்ட பதவிக்கு அது ஓடாது. கிளார்க் வேலைக்குச் சரி. ஜே.இ.க்கு உரிய பிரிவில் டிப்ளமோ அல்லது பி.இ. கேட்பார்கள். இந்தச் சான்றிதழைப் பட்டம் என்று ஏற்றினாலும் ஆன்லைனில் ஃபாரம் போய்விடும், தேர்வும் எழுதிவிடலாம். சான்றிதழ் சரிபார்ப்பில் தள்ளிவிடுவார்கள். நன்றாகப் படித்துத் தேறியவர்கள் அங்கே வந்து விழுவதுதான் வயிற்றெரிச்சல்.

உங்களைக் காப்பது ஏ.எம்.ஐ.இ.தான். 31.5.2013 வரை பதிந்தவர்களுக்கு மத்திய அரசு வேலையில் பி.இ.க்கு இணை என்ற அங்கீகாரம் உண்டு. தேறிய வருடம் பொருட்டல்ல, பதிந்த தேதிதான் கணக்கு. ஆகவே மார்க் ஷீட்டோடு, இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் கொடுத்த உறுப்பினர் பதிவுக் கடிதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்திருந்தால் இப்போதே நகல் கேளுங்கள்.

வயது: 42-ல் 24 போனால் 18. இந்தக் கழித்த வயது, விளம்பரத்தில் உள்ள உச்ச வயதை 3 வருடத்துக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும். கவலை வேண்டாம்.

எஸ்.எஸ்.சி. (மத்திய பணியாளர் தேர்வாணையம்) ஜே.இ. குரூப் பி, அங்கே வயதுச் சலுகை உண்டு, முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு கிடையாது. ரயில்வே ஜே.இ. குரூப் சி, அதில் 10 சதவீதம் ஒதுக்கீடு. நான் ரயில்வேயைத்தான் முதலில் சொல்வேன்.

கிராஃப்ட்ஸ்மேன்_மதுரை
ஐயா, என்னுடைய ஏ.எம்.ஐ.இ. பதிவு 2014. ஒன்றும் செய்ய முடியாதா?

சுபேதார்_வேலூர்
பி.இ. கேட்கும் அரசு வேலைக்கு அதை நம்பிப் போகாதீர்கள் தம்பி. டிப்ளமோவாவது முறையாக முடியுங்கள், ஜே.இ.க்கு அதுவே போதும்.

ரெக்கார்டு_கிளார்க்
நம் ஊர் ஆட்களுக்கு இனிஷியல்தான் பெரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "மு. செல்வம்", ஆதாரில் "செல்வம் முத்து", டிஸ்சார்ஜ் புக்கில் வெறும் "செல்வம்" என்று இருக்கும். மூன்றும் மூன்று ஆளாகப் பார்க்கப்படும். ஸ்பர்ஷ் (ராணுவ ஓய்வூதிய இணையதளம்) பென்ஷனில் வாழ்நாள் சான்று கொடுக்கும்போதும் இதே சிக்கல். யூனிட்டில் இருக்கும்போதே செகந்திராபாத் இ.எம்.இ. ரெக்கார்ட்ஸுக்கு எழுதித் திருத்துங்கள். மனைவி, பிள்ளைகள் பெயரும் பிறந்த தேதியும் பார்ட் 2 ஆர்டரில் (யூனிட் வெளியிடும் பதிவு ஆணை) வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். வெளியே வந்தபின் இதற்கு அலைச்சல் அதிகம்.

கோவை_எச்.ஆர்.
இன்னொரு பொறி இருக்கிறது அண்ணா. ஒதுக்கீட்டில் ஒரு மத்திய அரசு வேலையில் சேர்ந்துவிட்டால் அடுத்த வேலைக்கு ஒதுக்கீடு போய்விடும். 14.8.2014 ஆணை ஒரு வழி விட்டிருக்கிறது: சேர்வதற்கு முன் எங்கெங்கே விண்ணப்பித்தீர்களோ அதையெல்லாம் தேதிவாரியாக எழுதி, சேர்ந்த உடனே அலுவலகத்தில் உறுதிமொழியாகக் கொடுக்க வேண்டும். விண்ணப்பித்த தேதி, பதவி, துறை, விளம்பர எண் எல்லாம் இருக்கட்டும். முத்திரையிட்ட நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். பட்டியலில் இல்லாத விண்ணப்பத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. தனியார் வேலையால் ஒதுக்கீடு போகாது.

தனியாருக்கு பயோடேட்டா எழுதும்போது "வி.எம்., கிளாஸ் 1" என்றால் யாருக்கும் புரியாது. டி-72 டாங்கி எஞ்சினில் வேலை பார்த்திருந்தால் "780 குதிரைத்திறன், வி-12 டீசல்; ஓவர்ஹால், இன்ஜெக்‌ஷன் பம்ப் டைமிங்" என்று எழுதுங்கள். ஜெனரேட்டர் கம்பெனிக்காரர் அந்த ஒரு வரியிலேயே நிமிர்ந்து உட்காருவார். யூனிட் இருக்கும் இடம், வண்டிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதவே கூடாது.

வி.எம்._ஆவடி
பதிவுக் கடிதம் 2011 நவம்பர் தேதியில் பத்திரமாக இருக்கிறது. டிஸ்சார்ஜ் புக்கில் அப்பா பெயர் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, இன்றே எழுதிக் கொடுக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.