கருவிழித் தையலுக்கு மருந்து கசியும் நூல்: நம் பக்கத்தில் கிடைக்குமா?

காரைக்குடி வாசகி கேட்டது:

வணக்கம். என் அப்பாவுக்கு 58 வயது. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து பிரித்தெடுக்கும் பழைய நிலைக்கதவுகளைச் செப்பனிட்டுத் தரும் தச்சு வேலை செய்கிறார். மூன்று வாரங்களுக்கு முன், பர்மா தேக்குச் சட்டம் ஒன்றிலிருந்து துருவேறிய ஆணியைப் பிடுங்கும்போது ஆணியின் தலை முறிந்து தெறித்து வலது கண்ணில் பட்டுவிட்டது. தாய்ப்பால் விட்டால் சரியாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். தம்பி அதற்கு இடம் கொடுக்காமல் அன்று மாலையே மதுரைக்கு அழைத்துச் சென்றான். கருவிழி கிழிந்திருக்கிறது என்று கூறி, அன்றிரவே ஐந்து தையல்கள் போட்டார்கள்.

தையல் நன்றாக இருக்கிறது என்கிறார் மருத்துவர். எங்களை வாட்டுவது சொட்டு மருந்துதான். தொடக்கத்தில் மணிக்கொரு முறை, இப்போது ஒரு நாளைக்கு ஆறு முறை. நான் வேலைக்குப் போன பிறகு அம்மாதான் விட வேண்டும். அம்மாவுக்கோ முடக்குவாதத்தால் விரல்கள் மடங்குவதில்லை. இமையை இழுத்துப் பிடித்தால் குப்பியை அழுத்த முடியவில்லை. குப்பியை அழுத்தினால் இமை நழுவிவிடுகிறது. மருந்து கன்னத்தில் வழிகிறது. உள்ளே போயிற்றா இல்லையா என்று தெரியாமல் இன்னொரு சொட்டு, அதற்கு மேல் இன்னொன்று என்று விட்டு, ஐந்து மில்லி குப்பி நான்கே நாளில் தீர்ந்துவிட்டது.

மருந்தைத் தானே கசியவிடும் தையல் நூல் கண்டுபிடிக்கப்பட்டிருப்பதாகப் படித்தேன். அந்த நூலால் தைத்திருந்தால் இந்தச் சொட்டு மருந்தே தேவைப்பட்டிருக்காதா? மதுரையிலோ திருச்சியிலோ அது கிடைக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கருவிழிப் பிரிவுச் செவிலியர், மதுரை:

சகோதரி, முதலில் உங்கள் தம்பிக்கு என் பாராட்டு. தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு ஆகியவற்றை விட்டுவிட்டு, கண் சீழ் பிடித்த பிறகு வருபவர்களைப் பதினான்கு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிழிந்த கண்ணில் எதையும் விடாமல், அன்றே கொண்டுவந்ததுதான் உங்கள் அப்பாவின் பார்வைக்குக் கிடைத்த முதல் சிகிச்சை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அறுவை அரங்கில் கருவிழியைத் தைக்க மருத்துவர்களிடம் நாங்கள் எடுத்துக் கொடுப்பது இன்றும் சாதாரண நைலான் நூல்தான். ‘பத்து-பூஜ்யம்’ என்று அதைச் சொல்வோம். அதன் பருமன் 20 முதல் 29 மைக்ரோமீட்டர், அதாவது தலைமுடியில் பாதிகூட இல்லை. நீங்கள் படித்த நூல் ஆய்வு நிலையில் இருப்பது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று லீவோஃபிளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க் கொல்லியை நூலுக்குள்ளேயே கலந்து, அதே நுண்மையில் நூலை உருவாக்கி, எலிகளின் கண்ணில் சோதித்து 2021இல் முடிவுகளை வெளியிட்டது. ஒரு மாதம் வரை மருந்து கசிந்தது. கிருமிகளை வேண்டுமென்றே கண்ணில் விட்டுப் பார்த்தபோதும் தொற்று தடுக்கப்பட்டது. வயிறு, தோல் முதலிய இடங்களைத் தைப்பதற்கு டிரைக்ளோசான் என்னும் கிருமிநாசினி பூசிய நூல்கள் 2002 முதலே சந்தையில் இருக்கின்றன. ஆனால் அவை கருவிழிக்கான நூல்கள் அல்ல.

இந்த ஆராய்ச்சியின் அருமை உங்கள் அம்மா படும் பாட்டிலேயே இருக்கிறது. ஒரு சொட்டு என்பது ஏறக்குறைய 40 மைக்ரோலிட்டர். கண்ணின் கீழிமைப் பையில் அவ்வளவும் தங்காது. வழிந்தது போக, கண்ணீரோடு மூக்குக்குள் இறங்கியது போக, கண்ணுக்குள் நுழைவது ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே ஒன்றுக்குமேல் இன்னொரு சொட்டு விடுவதால் பயனில்லை. இரண்டாவது சொட்டு முதல் சொட்டையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு போய்விடும். மருந்தை வேண்டிய இடத்திலேயே வைத்தால் என்ன பலன் என்பதற்கு நம் மதுரையிலேயே சான்று உண்டு. அரவிந்த் மருத்துவமனைகளில் ஆறு லட்சத்துக்கும் அதிகமான கண்புரை அறுவைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரையின்படி, அறுவையின் முடிவில் மாக்ஸிஃபிளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க் கொல்லியைக் கண்ணுக்குள் செலுத்தத் தொடங்கிய பிறகு, உட்கண்ணில் தொற்று ஏற்படுவது 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02 விழுக்காடாகக் குறைந்தது.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். அப்பாவை மல்லாந்து படுக்க வைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, இமைகளை நன்றாகத் துடைத்துவிட்டு, மூக்கோரத்துக் கண்மூலையில் ஒரு சொட்டு விட்டு, பிறகு மெல்லக் கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். இமையை இழுக்க வேண்டியதில்லை. மருந்து தானே உள்ளே இறங்கும். தையல் போட்ட கண் என்பதால் இமையின்மேல் விரலால் அழுத்தவே கூடாது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். அம்மாவின் விரல்நிலையை மருத்துவரிடமும் சொல்லுங்கள். எந்த மருந்தைக் களிம்பாக மாற்றலாம் என்பதை அவர் முடிவு செய்வார்.

பலபடி (பாலிமர்) வேதியியல் ஆய்வு மாணவர், காரைக்குடி:

செவிலியர் அம்மா சொன்னதோடு நூலைப் பற்றிச் சிறிது சேர்க்கிறேன். மருந்தை நூலில் ஏற்றுவது எளிது. ஏற்றிய பிறகு நூல் அறுந்துபோகாமல் இருப்பதுதான் கடினம். உருக்கி இழுக்கும் முறையில் மருந்து வெப்பத்தால் கெடலாம்; வெளியே பூசினால் நூல் தடிக்கும்; உள்ளே கலந்தால் வலு குறையும். அந்தக் குழு உயர் மின்னழுத்தத்தில் பலபடிக் கரைசலை நுண்ணிழைகளாக இழுத்து, நூற்றுக்கணக்கான இழைகளை ஒன்றுசேர்த்து முறுக்கியது. கண்டாங்கிச் சேலைக்கு நூல் முறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: தனி இழை ஊதினால் அறுந்துவிடும், முறுக்கேறிய பிறகு கையை அறுக்கும். அவர்கள் எடுத்துக்கொண்ட பாலிகேப்ரோலாக்டோன் உடலுக்குள் மெதுவாகக் கரையக்கூடிய பொருள்.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 25 மைக்ரோமீட்டர் பருமனுள்ள நூலில் ஒரு சென்டிமீட்டரின் மொத்த எடையே ஐந்து மைக்ரோகிராம் அளவுதான். மருந்து அதில் ஒரு பங்கு. 0.5 விழுக்காட்டுச் சொட்டு ஒன்றிலோ 200 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது. எனவே தையலைச் சுற்றியுள்ள சிறு பரப்பைக் கிருமி அண்டாமல் காக்க இந்த நூல் உதவலாமே தவிர, துருப்பிடித்த ஆணியோடு ஆழத்துக்குப் போன கிருமியை இது மட்டுமே அழித்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. சகோதரியின் அப்பாவுக்கு இந்த நூலால் தைத்திருந்தாலும் முதல் வாரங்களில் சொட்டு மருந்து தேவைப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. நம் பகுதியில் சீமைக்கருவேல முள்ளாலும் நெல் தாளாலும் கண்ணில் காயம்பட்டு வருபவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று மிகுதி. பூஞ்சையிடம் லீவோஃபிளாக்சசின் பலிக்காது. நட்டாமைசின் போன்ற பூஞ்சைக் கொல்லியை ஏந்தும் நூல் நம் மண்ணுக்கு இன்னும் அவசரமானது. அந்த வேலையை நம்மவர்கள் எடுத்துச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

தேவகோட்டை விவசாயி:

எனக்கு 2019இல் கருவேலங்கிளை அடித்து இடது கண்ணில் தையல் போட்டார்கள். தொற்று எனக்கு முதல் மாதத்தில் வரவில்லை, எட்டாம் மாதத்தில் வந்தது. கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் நீர் வடிந்தது. அறுவடை நேரம் என்று நான்கு நாள் தள்ளிப்போட்டுவிட்டேன். ஒரு தையல் தளர்ந்து, அதன் நுனியில் அழுக்குப் படிந்து, பக்கத்திலேயே கடுகளவு வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தது. அந்தத் தையலை உடனே எடுத்தார்கள். பார்வை தப்பியது, தழும்பு இருக்கிறது. சகோதரி, உங்கள் அப்பாவுக்கு உறுத்தல் வந்தால் ஒருநாள்கூடப் பொறுக்காதீர்கள்.

கருவிழிப் பிரிவுச் செவிலியர், மதுரை:

ஐயா எழுதியதை எல்லோரும் கவனியுங்கள். கருவிழியில் இரத்தக்குழாய்கள் இல்லாததால் காயம் மெதுவாகத்தான் ஆறும். தையலும் மாதக்கணக்கில் இருக்கும். நைலானும் நாளடைவில் நைந்து அறுந்துபோகக்கூடியது. ஒரு மாதம் மருந்து கசியும் நூலாக இருந்தாலும், எட்டாம் மாதத்தில் தளரும் தையலுக்கு அந்த மருந்து மிஞ்சியிருக்காது.

காரைக்குடி வாசகி:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை அம்மாவே கண்மூலையில் சொட்டு விட்டார், கன்னத்தில் வழியவில்லை. அப்பா வேலைக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுகிறார். தையலை எடுத்த பிறகாவது சொட்டு மருந்தை நிறுத்திவிடலாமா?

கருவிழிப் பிரிவுச் செவிலியர், மதுரை:

நிறுத்தக் கூடாது, சகோதரி. தையலை உருவும்போது அதன் தடம் வழியாகவும் கிருமி புகலாம்; அதனால் எடுத்த பிறகும் சில நாட்கள் மருந்து தருவார்கள். உளியைக் கையில் எடுக்கும் நாளை மருத்துவர் சொல்லட்டும். அதற்குள் பக்கவாட்டிலும் மூடியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கி வைத்துவிடுங்கள்.