அந்த 175 அடி வேரை யார் தோண்டிப் பார்த்தது?

பொட்டல்காடு:
மறுபடியும் ஆரம்பிச்சாச்சு. நேத்து நம்ம குழுவில் 'வேரறுப்போம்' ஒரு படம் போட்டிருந்தார். மேலே ஒரு சீமைக்கருவேல மரம், கீழே பாதாளம் வரைக்கும் ஒரு வேர். பக்கத்தில் கொட்டை எழுத்தில் நாலு வரி. வேர் 175 அடி போகுமாம். காத்துல இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சுமாம். நிழலில் கட்டின மாடு மலடாகுமாம். ராமநாதபுரம் வறண்டதே இந்த மரத்தாலதானாம். கடைசியில் 'நல்லது நினைக்கும் தமிழன் பகிர்வான்'னு ஒரு முத்திரை.

நான் கமுதிப் பக்கம். எங்க வீட்டுத் தொழில் கரிமூட்டம். இந்த மரத்துக்குக் கோயில் கட்ட வரல. எங்க கண்மாயை அடைச்சதும் அதுதான், எங்க உலையில் அரிசி போட்டதும் அதுதான். ஆனா நல்லெண்ணத்தோட வந்தவங்க கையால எங்க ஊரு ரெண்டு தடவை அடி வாங்கியிருக்கு. விறகுப் பஞ்சம் தீரட்டும்னு ஒரு தலைமுறை விதைச்சது. ஊர் செழிக்கட்டும்னு அடுத்த தலைமுறை ஜேசிபியோட வந்தது. ரெண்டு பேரும் ஊர்க்காரன்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல. அந்த 175 அடியை யார் அளந்தது? அதை மட்டும் சொல்லுங்க.

வேரறுப்போம்:
கரி வியாபாரி மரத்துக்கு வக்காலத்து வாங்குவதில் ஆச்சரியமில்லை. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 13 மாவட்டங்களில் இந்த மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. நீதிபதிகளைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா? நாங்கள் எங்கள் கைக்காசைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து, கண்மாயில் இறங்கி வெட்டியவர்கள். 175 அடி என்பது விஞ்ஞானம். தேடிப் பாருங்கள், கிடைக்கும்.

தாவரப்பித்தன்:
175 அடிக்கு ஒரு மூலம் உண்டு. அமெரிக்காவில், அரிசோனாவின் டூசான் நகருக்குப் பக்கத்தில் திறந்தவெளிச் சுரங்கம் தோண்டியபோது சுமார் 53 மீட்டர் ஆழத்தில் மெஸ்கீட் வேர் தென்பட்டது. 1963இல் சூழலியல் இதழ் ஒன்றில் அந்தக் குறிப்பு வந்தது. 53 மீட்டரை அடியாக்கினால் உங்கள் 175. மெஸ்கீட் நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி. ஆனால் அது பாலைவனத்தில், ஒரு சுரங்கச் சுவரில் கண்ட வேர். அதைத் தூக்கிவந்து முதுகுளத்தூர்க் கண்மாயில் நடக் கூடாது.

காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஊரைக் காயவைக்கும் என்பதற்கு அடிப்படையே இல்லை. எந்த மரமும் போல இதுவும் வேரால் நீரெடுத்து இலை வழியாக ஆவியாக வெளியேதான் விடுகிறது. நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்பதும் வாட்ஸ்அப் கதை.

வேரறுப்போம்:
நன்றி. 175 அடி உண்மை என்று உங்கள் ஆளே ஒப்புக்கொண்டுவிட்டார். இனி என்ன பேச்சு?

பொட்டல்காடு:
அவர் எழுதினதில் பாதியை மட்டும் படிக்கிற பழக்கம் உங்களுக்குப் புதுசா? போன வருஷம் விதைப்பந்து விவாதத்திலும் இதேதான் பண்ணினீங்க.

நான் கண்ணால பார்த்ததைச் சொல்றேன். கரியில் தூர் கரிக்குத்தான் விலை. அதனால மரத்தை வெட்டினதோட விடமாட்டோம். சுத்திப் பள்ளம் பறிச்சு, பக்கவேரை ஒவ்வொண்ணா கோடாலியால் தறிச்சு, கடப்பாரை போட்டு நெம்பித் தூரை வெளியே எடுப்போம். இடுப்பளவு பள்ளத்துக்கு மேல நாங்க பறிச்சதில்ல. பக்கவேருதான் சனியன் மாதிரி நாலா பக்கமும் ஓடும். அப்புறம், எங்க பக்கம் 175 அடியில் போர் போட்டா என்ன வரும் தெரியுமா? உப்புத்தண்ணி. அதைக் குடிச்சா மரம் கொழுக்குது? காவிரிக் கூட்டுக் குடிநீர் வர்ற வரைக்கும் தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கிக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்ச பொம்பளைங்களைக் கேளுங்க, அவங்க மரத்தையா திட்டினாங்கன்னு.

வேரறுப்போம்:
இடுப்பளவில் ஆணிவேரை அறுத்துவிட்டு மேலே வந்துவிட்டீர்கள். அதற்குக் கீழே மீதி எங்கே போகிறது என்று பார்த்தீர்களா? 175 அடி போகுமா, போகாதா? ஆம் அல்லது இல்லை. கதை வேண்டாம்.

விருதுநகர் வெயில்:
விவாதத்துக்கு நடுவே ஒரு தகவல். இந்த விதையை ஆகாயத்திலிருந்து தூவியது காமராஜர் ஆட்சியில்தான். அந்த மனிதர் ஏழைக்கு விறகு கிடைக்கட்டும் என்று நினைத்தார். இன்று சிலர் அவரையே குற்றவாளி ஆக்குகிறார்கள். வேதனையாக இருக்கிறது.

தாவரப்பித்தன்:
ஐயா, 1877இலேயே ஜமைக்காவிலிருந்து விதை வந்து கடப்பாவில் இறங்கிவிட்டது. 1930களில் ஜோத்பூர் மன்னர் விமானத்திலிருந்து தூவச் செய்தார். 1961இல் குஜராத்தின் பன்னிப் புல்வெளியில், கச்சு உவர்நிலம் முன்னேறுவதைத் தடுக்க வனத்துறையே நட்டது. இன்று அங்கே எருமைக்குப் புல் இல்லாமல் மால்தாரி மேய்ப்பர்கள் திண்டாடுகிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் நல்ல நோக்கம்தான்.

கென்யாவின் பாரிங்கோ ஏரிப் பகுதியிலும் 1980களில் விறகுக்கென்றுதான் கொண்டுவந்தார்கள். இனிப்பான நெற்றைத் தின்று தின்று ஆடுகளுக்குப் பல் கொட்டியது. அங்குள்ள மக்கள் பல் இல்லாத ஆட்டை நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார்கள். காமராஜர் ஆட்சியில் தூவினார்கள் என்றால் அரசாணை எண் கொடுங்கள்.

விருதுநகர் வெயில்:
எங்கள் ஊரில் பெரியவர்கள் எல்லாரும் சொல்வது பொய்யா? ஆணை எண் கேட்கிறீர்கள். நீங்கள் உங்கள் தாத்தாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கிறீர்களா?

தாவரப்பித்தன்:
என் தாத்தாவை இழுக்க வேண்டாம்.

சாயல்குடி மகள்:
ரெண்டு பக்கமும் அடிக்கணக்கு பேசுறீங்க. முள்ளு குத்தினது எங்க அம்மா கால்ல. அந்த முள் உள்ளே ஒடிஞ்சா லேசில் விடாது, வீங்கிச் சீழ் வைக்கும். ரப்பர் செருப்பைத் துளைச்சுக்கிட்டு ஏறும். ஆனாலும் மழை இல்லாத வருஷம் எங்க வீட்டில் அந்த வெட்டுக்கூலிதான் சாப்பாடு. 2017இல் ஜேசிபி வந்தப்போ யாரும் எங்களை மதிக்கல, அது நிஜம்.

பொட்டல்காடு அண்ணே, உங்களையும் ஒண்ணு கேட்கிறேன். 'எங்க தொழில் எங்க தொழில்'ங்கிறீங்க. ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு ஒரு கூலின்னு கொடுக்கிறது எந்த நல்லெண்ணத்தில் சேர்த்தி?

பொட்டல்காடு:
தங்கச்சி, கூலிப் பேச்சு வேற, இது வேற. எங்க மூட்டத்தில் நாங்க யாரையும் ஏமாத்தினதில்ல. மூட்டம் போடுறது என்ன லேசா? விறகை அடுக்கி, புல்லும் ஓலையும் போட்டு, மேலே மண்ணைக் குழைச்சுப் பூசி, தீயை உள்ளே விட்டுட்டு ராத்திரி பகலா காவல் இருக்கணும். புகை வெள்ளையா வர்ற வரைக்கும் விறகு இன்னும் வேகலன்னு அர்த்தம். நீலம் தட்டினா கரி பதத்துக்கு வந்துருச்சு. எங்கேயாவது மண் வெடிச்சுக் காத்து உள்ளே போச்சுன்னா மொத்தமும் சாம்பல்.

சாயல்குடி மகள்:
நான் கேட்டது கூலி. நீங்க சொல்றது புகை.

வேரறுப்போம்:
அக்கா சரியாகக் கேட்டார். ஏழைப் பெண்களின் உழைப்பைச் சுரண்டுகிறவர்தான் இயற்கைக்குப் பரிந்து பேசுகிறார்.

சாயல்குடி மகள்:
தம்பி, என்னை உங்க கட்சியில் சேர்க்காதீங்க. நீங்க வெட்டிப் போட்டோ எடுத்துட்டுப் போன கண்மாயில் அடுத்த மழைக்கு ஒண்ணு நாலா துளிர்த்துச்சு. தூரை எடுக்காம மேலே மட்டும் வெட்டினா அப்படித்தான் துளிர்க்கும். முன்னாடி ஆளு நுழைய இடமாவது இருந்துச்சு, இப்போ வெறும் புதரு.

கோடியக்கரை:
மனுசன் கதையாகவே போகிறது. எங்கள் பக்கம் வெளிமானைப் பற்றி யாராவது நினைத்தீர்களா? அதற்கு வேண்டியது திறந்த புல்வெளி. கருவை புகுந்தால் புல் போச்சு. நெற்றைத் தின்கிற மானும் மாடும் குதிரையுமே விதையைச் சாணத்தோடு அடுத்த இடத்தில் இறக்கிவிடுகின்றன. ஊர்க்காரர் வயிறு நிறைகிறது என்பதற்காகக் காட்டையும் அதனிடம் விட்டுவிடவா?

பொட்டல்காடு:
கோடியக்கரையில் எடுக்க வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்? எடுங்க, வேரோட எடுங்க. ஆனா காஞ்சிரங்குளம், சித்திரங்குடிப் பக்கம் வந்து பாருங்க. நாரையும் கொக்கும் நாட்டுக்கருவேலத்தில் மட்டும் இல்ல, சீமைக்கருவையிலும் கூடு கட்டுது. வேற பெரிய மரத்தை நாம எங்கே விட்டுவெச்சோம்? ஒரே உத்தரவில் 13 மாவட்டத்தையும் மொட்டை அடிச்சா அந்தக் கூடு என்னாகும்? அதைக் கேட்டுத்தானே சிலர் வழக்குப் போட்டு, அதே 2017இல் சென்னையில் இடைக்காலத் தடையும் வந்துச்சு. அதை மட்டும் உங்க படத்தில் போடமாட்டீங்க. ஜேசிபிக்காரன் நாட்டுக்கருவேலக் கன்னையும் சேர்த்துத்தான் வாரிட்டுப் போனான். அவனுக்கு ரெண்டும் முள்ளு.

இன்னொண்ணு. மரம் வந்ததால் கண்மாய் கெட்டுச்சாம். எங்க ஊரில் மடை உடைஞ்சு கிடந்துச்சு. வரத்துக்கால்வாயை ஆக்கிரமிச்சாங்க. மராமத்துப் பார்க்க ஆள் வரல. விவசாயத்தை விட்டுட்டுப் பாதி ஊரு திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போச்சு. தரிசா கிடந்த நிலத்தில்தான் கருவை ஏறுச்சு. தண்ணி வந்து, வருஷம் தப்பாம உழுத வயலில் ஏறினதை நான் பார்த்ததில்ல. மரத்தைக் குத்தம் சொன்னா யாருக்கும் சங்கடம் இல்ல. வாய்க்காலை வளைச்சுப்போட்டவன் பேரைச் சொன்னாத்தான் சங்கடம்.

வேரறுப்போம்:
இத்தனை நீளமாக எழுதியும் கேள்விக்குப் பதில் இல்லை. 2022இல் அரசே அயல் தாவரங்களை அகற்றக் கொள்கை வெளியிட்டது. அரசும் தவறு, நீதிமன்றமும் தவறு, நாங்களும் தவறு, நீங்கள் ஒருவர் மட்டும் சரி. 175 அடி, ஆமா இல்லையா?

தாவரப்பித்தன்:
அந்தக் கொள்கை, எடுத்த இடத்தில் நாட்டு மரங்களையும் புல்லையும் மீட்பதையும் சேர்த்தே பேசுகிறது. வெட்டுவதோடு வேலை முடிவதில்லை. அரிசோனா வேர் குறித்து நான் எழுதியதைத் தயவுசெய்து இன்னொரு முறை...

வேரறுப்போம்:
படித்தேன். 53 மீட்டர். அதாவது 175 அடி.

விருதுநகர் வெயில்:
காமராஜர் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கும் வரை தாவரப்பித்தனுக்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

தாவரப்பித்தன்:
தூவினார் என்று சொன்னதே நீங்கள்தான்!

சாயல்குடி மகள்:
கூலிக்கு இன்னும் பதில் வரல.

பொட்டல்காடு:
வரும் தங்கச்சி. முதல்ல இவரை முடிச்சுக்கிறேன். வேரறுப்போம், படத்தை எடுத்துட்டு வாங்க, பேசலாம். ஐப்பசி மழைக்கு முன்னாடி நாங்க தூர் பறிப்போம். கமுதி பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரைக் கேட்டாலும் மூட்டத்துக்கு வழி சொல்லுவாங்க. கடப்பாரை நான் தர்றேன். எந்த மரத்தை வேணும்னாலும் நீங்களே காட்டுங்க, பறிச்சு அளந்துடுவோம்.

வேரறுப்போம்:
படத்தை எடுக்க மாட்டேன். இன்று சாயங்காலம் இன்னும் மூன்று குழுக்களில் போடப்போகிறேன்.

பொட்டல்காடு:
போடுங்க. ஒவ்வொரு குழுவிலும் கீழே வந்து இதையே கேட்பேன். யார் தோண்டிப் பார்த்தது?