பேக்லாஷ்: பின்னடிப்பா, வெறுஞ்சுற்றா, தொய்வா?

கலைச்சொல் குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுப் பட்டறைக்காகப் பழைய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். மண்ணெண்ணெய் விட்டுப் பிசுக்கைக் கழுவி, ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பூட்டுகிறேன். செய்ததை அன்றன்று தமிழில் எழுதியும் வைக்கிறேன். வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்கு சக்காகவே இருக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரே ஒரு சொல்லில்தான் பேனா நின்றுவிட்டது: பேக்லாஷ்.

வெட்டும் டூலைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியை உள்ளே திருகிக்கொண்டே போய், நிறுத்தி, எதிர்ப்பக்கம் திருப்புகிறேன். கைப்பிடி சுற்றுகிறது, ஸ்லைடு அசையவில்லை. கொஞ்சம் சுற்றிய பிறகுதான் கிளம்புகிறது. நுண்ணிய அசைவையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை முட்டவைத்து எண்ணினேன். என் லேத்தின் கைப்பிடி வளையத்தில் 100 கோடுகள். ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும், ஆக ஒரு கோடு 0.05 மி.மீ. முள் அசைவதற்குள் 14 கோடுகள் ஓடிவிட்டன. அதாவது 0.7 மி.மீ. காற்றில் போகிறது.

இதற்குப் ‘பின்னடைவு’ என்று எழுதினால் தேர்தல் செய்தி மாதிரி இருக்கிறது. ‘எதிர்விளைவு’ மருந்துக் கடைக்குப் போய்விடுகிறது. ‘பின்னடிப்பு’ என்பது ஆங்கிலச் சொல்லை உடைத்து ஒட்டியது. என் லேத் யாரையும் அடிக்கவில்லை. பட்டறைகளில் ‘சும்மா சுத்துது’ என்பார்கள். அதையே கொஞ்சம் சட்டை போட்டு ‘வெறுஞ்சுற்று’ என்று வைக்கலாமா? வெறுங்கை, வெறுஞ்சோறு மாதிரி.

* * *

‘ஆட்டம்’ என்று ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறதே. எதற்குப் புதிதாக ஒன்று? போன வாரம் ஸ்கிரேப்பிங்குக்கு (உலோகப் பரப்பைச் சீவிச் சமன்செய்வது) ‘சுரண்டல்’ என்று போட்டு, கடைசியில் தொழிற்சங்கப் பேச்சில் போய் முடிந்தது நினைவிருக்கட்டும்.

* * *

தம்பிமார்களுக்கு வணக்கம். முப்பது வருடத்துக்கு மேல் லேத்தில் டர்னராக நின்றவன். ஒரு வார்த்தை சொல்கிறேன்.

ஆட்டம் வேறு, இது வேறு. ஸ்லைடைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்றால் அது ஆட்டம். ஸ்லைடின் பக்கவாட்டு இடைவெளியை அடைக்கும் ஜிப் பட்டையின் திருகை இறுக்கினால் அடங்கும். ஆனால் ஜிப்பை எவ்வளவு இறுக்கினாலும் தம்பி சொல்லும் 14 கோடு 14 கோடாகவே இருக்கும். கைப்பிடி கனமாகும், அவ்வளவுதான். இந்த இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் பையன் தப்பான திருகைப் போய் இறுக்குவான். நான் பார்த்திருக்கிறேன், நானே செய்தும் இருக்கிறேன்.

‘வெறுஞ்சுற்று’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்லைடை நகர்த்தும் திருகுத்தண்டின் மரை மொத்தமாகத் தின்றுபோனாலும் கைப்பிடி வெறுமனே சுற்றும், இந்தப் பக்கமும் சுற்றும், அந்தப் பக்கமும் சுற்றும். அதற்குப் பெயர் மரை கழண்ட கேஸ். தம்பியின் லேத் அந்த நிலைக்குப் போகவில்லை. ஒரே திசையில் திருகிக்கொண்டே போனால் இந்தக் கோளாறு இருப்பதே தெரியாது. திருப்பும்போதுதான் தெரியும். சொல்லில் அது வர வேண்டாமா?

இன்னொன்று. பித்தளை மரையை மட்டும் சந்தேகப்படாதீர்கள். கைப்பிடிக்குப் பின்னால் திருகுத்தண்டைத் தாங்கும் காலரில் இடைவெளி விழுந்திருந்தாலும் இதே கணக்குத்தான் வரும். கைப்பிடியை நேராக இழுத்துத் தள்ளிப் பாருங்கள். தண்டு முன்னும் பின்னும் வந்தால் முதலில் அங்கே சரிசெய்யுங்கள்.

* * *

ஐயா, மிக்க நன்றி. காலரைப் பார்த்தேன். 14-இல் 4 கோடு அங்கேதான் இருந்தது! நட்டை இறுக்கியதும் 10-க்கு வந்துவிட்டது.

அந்தப் பத்தும் ஒரே மாதிரி இல்லை. ஸ்லைடை முழுக்க வெளியே இழுத்து வைத்து அளந்தால் 4 கோடுதான். நடுவில், வழக்கமாக வேலை நடக்கும் இடத்தில், 10. தண்டின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருக்கிறது. மரை இரண்டாகப் பிளந்த வகை. நடுவில் துளியும் தொய்வு இல்லாமல் இறுக்கினேன். ஓரத்துக்குக் கொண்டுபோனதும் பிடித்துக்கொண்டு நகர மறுத்தது. ஓரத்தில் இலகுவாக ஓடும் அளவுக்குத் தளர்த்தி, நடுவில் 7 கோடு என்று விட்டுவிட்டேன். வெட்டும்போது அளவைத் தாண்டி இரண்டு சுற்று பின்னுக்கு வந்து, மறுபடி உள்ளே திருகியே கோட்டுக்குப் போகிறேன். அப்படிச் செய்தால் அந்த 7 கோடும் கணக்கில் வருவதில்லை.

சொல்லுக்கு வருவோம். ‘தேய்வு’ என்று ஒருவர் தனி மடலில் சொன்னார். தேய்வு காரணம், இது விளைவு. புத்தம் புதிய இயந்திரத்திலும் இது கொஞ்சம் உண்டு. பல்சக்கரங்களிலோ வேண்டுமென்றே வைக்கிறார்கள். எண்ணெய்ப் படலத்துக்கும் சூட்டில் உலோகம் விரிவதற்கும் இடம் வேண்டும், இல்லாவிட்டால் பல்லோடு பல் இறுகிவிடும். ஆகவே குறையைக் குறிக்கும் சொல் கூடாது.

மேலே எழுதும்போது யோசிக்காமலே ‘தொய்வு’ என்று எழுதியிருக்கிறேன், இப்போதுதான் கவனிக்கிறேன். கயிறு தொய்கிறது, சைக்கிள் செயின் தொய்கிறது. இழுத்தால் முதலில் தொய்வு போகும், பிறகுதான் இழுப்பு போய்ச் சேரும். இங்கேயும் அதே கதைதானே? ‘திருப்புத் தொய்வு’ என்றால் ஐயா கேட்டதும் வந்துவிடுகிறது.

* * *

திருப்புத் தொய்வா, திருப்புதொய்வா? சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை என்றால் வல்லினம் மிகாது. ‘திருப்பு’ என்பதைத் திருப்புகின்ற செயலின் பெயராகக் கொண்டு, அதில் தெரியும் தொய்வு என்று விரித்தால் ஒற்று மிகும். தொய்வு திருப்புவதில்லை, கைதான் திருப்புகிறது. ஆகவே இரண்டாவதே பொருந்தும், ஒற்றுடன் எழுதுங்கள். லேத்தை நான் தொட்டதில்லை. ஆனால் தையல் இயந்திரச் சக்கரத்தைப் பின்னால் திருப்பும்போது இப்படி ஒன்று கையில் தட்டுப்படும். இதுநாள் வரை அதற்குப் பெயர் இல்லாமல் இருந்தது.

* * *

தம்பிக்கு. சொல் எனக்குப் பிடித்தது. ‘பார்ட்டிங் போடும்போது (துண்டை வெட்டிப் பிரிக்கும்போது) டூல் திடீரென்று உள்ளே பாய்வது ஏன்’ என்று பையன்களுக்கு விளக்க ஒவ்வொரு தடவையும் தொண்டை காயும். வேலைத்துண்டு டூலைத் தன் பக்கம் இழுக்கும், தொய்வு இருக்கும் அளவுக்கு ஸ்லைடு முன்னால் குதிக்கும், டூல் உடையும். இப்போது ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது.

நேற்று பக்கத்துப் பட்டறையில் வேலை பழகும் பையனிடம் திருப்புத் தொய்வு என்று இரண்டு முறை சொல்லிக் கொடுத்தேன். சாயங்காலம் அவனே டயல் கேஜை மாட்டி அளந்துவிட்டு வந்து, “பெரியவரே, தொய்வு ஆறு கோடு” என்றான். ‘திருப்பு’ மதியச் சாப்பாட்டுக்குள்ளேயே உதிர்ந்துவிட்டது.

* * *

ஐயா, அப்படியானால் நம் கலைச்சொல் பட்டியலில் ‘திருப்புத் தொய்வு’ என்று இருக்கட்டும். என் லேத்தின் கைப்பிடிக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் ‘தொய்வு 7’ என்றுதான் எழுதியிருக்கிறேன்.