ஹைலக்ஸ் அடித்தகடு: இரும்பா, அலுமினியமா?

கேள்வி (சுங்கை சிப்புட்):
வணக்கம் அண்ணே. செம்பனைத் தோட்டத்துக்குள்ள ஓடுற டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்புக்கு, எஞ்சின் அடியில கல்லு அடிபடாம காக்குற அடித்தகடு செய்யணும். பட்டறையில 4 மில்லிமீட்டர் கனமான இரும்புத் தகடு கிடக்கு. போதுமா, 6 மில்லி அலுமினியம் வாங்கணுமா?

பதில்:
தம்பி, விறைப்புல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எடைதான் வேற: சதுர மீட்டருக்கு இரும்பு 31 கிலோ, அலுமினியம் 16. ஆனா கல்லுல உரசினா இரும்பு வழுக்கிப் போகும், அலுமினியம் கடிச்சு நிக்கும். இருக்கிறதையே போடுங்க. பக்க ஓரத்தை 25 மில்லி அளவுக்கு மேல்நோக்கி மடிச்சா லேசுல வளையாது. எஞ்சின் எண்ணெய்த் தொட்டிக்கும் தகட்டுக்கும் 25 மில்லி இடைவெளி வேணும். தகட்டை சேசிஸ் (வண்டியோட அடிச்சட்டம்) குறுக்குச் சட்டத்துல மட்டும் மாட்டுங்க. கியர்பாக்ஸ்ல போல்ட் போட்டா, அடி வாங்குறப்போ அதோட உறையே விரிசல் விடும்.

பதில்:
எம்10 (10 மில்லி விட்டம்), 8.8 தர (உறுதியான எஃகு) போல்ட் போடுங்க. தலை வெளிய நீட்டினா கல்லு அதைத் தேய்ச்சிடும், அப்புறம் ஸ்பேனர் பிடிக்காது, குழிக்குள்ள இறக்குங்க. முன் தகட்டோட பின் ஓரம் அடுத்த தகட்டுக்குக் கீழ வரணும், ஓட்டுக் கூரை மாதிரி. மாத்திப் போட்டா மரக்கட்டையில கொக்கி போட்டுக்கும்.

பதில்:
எண்ணெய் வடிக்கிற இடத்துல துளை மறக்காதீங்க. புகைக்குழாய்க்குக் கீழ மூடவே கூடாது: காய்ஞ்ச மட்டைச் சருகு தகட்டு மேல சேர்ந்து, சூட்டுல தீப்பிடிக்கும்.