அன்று பார்த்தவர் எழுதவில்லை

உப்புவெளி மகள்

வணக்கம் உறவுகளே. என் அம்மப்பாவின் போர்க்காலப் பதிவைக் கேட்டு பிரிட்டனுக்கு ஒரு விண்ணப்பம் போட்டிருந்தேன். பதினான்கு மாதம் காத்திருந்த பதில் போன கிழமை வந்தது. இரண்டு பந்திகள்தான். நான் கேட்ட பெயரில் எந்தப் பதிவும் அவர்களிடம் இல்லையாம். வாசித்துவிட்டு அம்மாவிடம் கொடுக்க மனம் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அம்மப்பா 1942இல் திருகோணமலைச் சீனக்குடாவில் கூலி வேலை செய்தார். வயது 21. ஏப்ரல் 9, வியாழக்கிழமை, வருடப்பிறப்புக்கு வீடு மெழுகிக்கொண்டிருந்த நேரம். காலை ஏழு மணி கழிய ஜப்பான் விமானங்கள் வந்தன. துறைமுகம், விமானத்தளம், எண்ணெய்க் குதங்கள் எல்லாம் அடிபட்டன. ஒரு குதத்தின் மேல் விமானமே வந்து விழுந்தது என்றும் அந்தத் தீ ஏழு நாள் எரிந்தது என்றும் ஊரில் இன்றும் சொல்வார்கள். அம்மப்பாவும் இன்னும் நான்கு பேரும் சாக்கைத் தண்ணீரில் நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு எரிகிற களஞ்சியக் கொட்டிலுக்குள் போய், காயப்பட்டுக் கிடந்த இரண்டு படைக்காரரைத் தூக்கி வந்தார்கள். அவருடைய இடக்கைத் தோல் முழங்கை வரைக்கும் வாட்டிய வாழையிலை போல மினுங்கும். சின்ன வயதில் அதைத் தடவிப் பார்த்தபடிதான் நான் கதை கேட்டிருக்கிறேன்.

தீ அடங்கிய பிறகு ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்து ஐந்து பேரின் பெயரையும் கேட்டுச் சட்டைப்பைக் கொப்பியில் குறித்தாராம். "குறிச்சவன் அனுப்புவான்" என்று அம்மப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். 1987இல் சாகும்வரை அந்த நம்பிக்கை போகவில்லை. அந்த அதிகாரி மாற்றலாகிப் போனாரா, வேறெங்காவது செத்துப்போனாரா, கொப்பி எங்கே போனது, யாருக்கும் தெரியாது.

அம்மாவின் தகரப்பெட்டியில் அவருடைய வேலை அட்டை கிடைத்தபோதுதான் நான் விண்ணப்பம் போட்டேன். படிவத்தில் முதல் கேள்வி படை இலக்கம். அடுத்தது பிரிவு, அதற்கடுத்தது தரம். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. பெயரோ மூன்று விதமாக இருந்தது: வேலை அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், கலியாணப் பதிவில் ஒன்று, இறப்புப் பத்திரத்தில் இன்னொன்று. பிறப்பத்தாட்சிப் பத்திரம் 90ஆம் ஆண்டு இடம்பெயர்வில் போய்விட்டது. விதானையாரிடம் கடிதம், சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி, மொழிபெயர்ப்பு, முத்திரை என்று அலைந்தேன். இங்குள்ள ஒரு கந்தோரில், மூன்று எழுத்துக்கூட்டலும் மூன்று ஆட்களாகவும் இருக்கலாமே என்றார்கள். கை எரிந்தது ஒருவருக்குத்தான் என்று சொல்ல வாய் வந்தது. அங்கே சொல்லி என்ன பயன் என்று வந்துவிட்டேன்.

விசாரித்ததில் இன்னும் ஒன்று தெரிந்தது. முக்கியமாகப் படையில் சேராத பொதுமக்களின் துணிச்சலுக்காக ஜோர்ஜ் சிலுவை, ஜோர்ஜ் பதக்கம் என்ற இரண்டையும் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் 1940 செப்டம்பரிலேயே ஏற்படுத்தியிருந்தார். ஆக, கூலியாளுக்கும் கதவு இருந்தது. அந்தக் கதவை வேறொருவர் தட்ட வேண்டும், அவ்வளவுதான். இப்போது தட்டவும் வழியில்லை. நிகழ்வு நடந்து ஐந்து ஆண்டுக்கு மேல் போனால் பிரிட்டனில் புதிதாக எந்த வீரப் பதக்கத்தையும் பரிசீலிப்பதில்லை.

உங்கள் வீடுகளிலும் இப்படி இருக்கும். எழுதுங்கள். ஒரு வேண்டுகோள், எந்தப் படை, எந்தக் கொடி என்று இங்கே சண்டை வேண்டாம்.

பழைய லிகிதர்

மகள், உங்கள் அம்மப்பாவின் கையை நான் பார்த்ததில்லை, ஆனால் அப்படிப்பட்ட கைகள் மடத்தடிப் பக்கம் நிறைய இருந்தன. என் அப்பா கடற்படைத் தளத்தில் லிகிதராக இருந்தவர். 1957இல் பிரிட்டிஷ்காரர் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டுப் போகும்வரை அங்கேதான். பதக்கம் எப்படிப் பிறக்கிறது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதலில் கட்டளை அதிகாரி பரிந்துரை எழுத வேண்டும். கண்ணால் கண்டவர்களின் வாக்குமூலம் சேர வேண்டும். அப்புறம் அது மேசை மேசையாக ஏறும். ஒவ்வொரு மேசையிலும் இருப்பவர் அதை ஏற்கலாம், ஒரு படி குறைக்கலாம், திருப்பியும் அனுப்பலாம். கடைசியில் லண்டனில் ஒரு குழு, அதற்கு மேல் மன்னரின் கையெழுத்து. பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவைக்கு இத்தனைதான் என்ற கணக்கு இல்லை. கீழ்நிலைப் பதக்கங்களுக்கு ஒரு காலப்பகுதிக்கு இவ்வளவு என்று பங்கு வைத்தும் கொடுத்திருக்கிறார்கள். பெரிய ஆட்களின் ஆதரவு இருந்தாலும் உறுதி கிடையாது. பாடி மேய்ன் என்ற அதிகாரிக்கு 1945இல் விக்டோரியா சிலுவை கேட்டு எழுதிய பரிந்துரையைப் பிரிட்டிஷ் தளபதி மொன்ட்கோமரியே ஆதரித்தார். கடைசியில் அதற்குக் கீழான டி.எஸ்.ஓ. பதக்கத்தை நான்காம் முறையாகக் கொடுத்து முடித்துக்கொண்டார்கள்.

கடுமை தேவையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நேரம் மெய்ன் மாநிலத்தின் 27ஆவது படைப்பிரிவில் 864 பேரின் பெயருக்கு அந்த நாட்டின் உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஒஃப் ஒனர் வழங்கினார்கள். காரணம், தவணை முடிந்த பிறகும் சில நாள் தலைநகரில் தங்கிக் காவல் நிற்கக் கேட்டதுதான். 1917இல் மீளாய்வு செய்து மொத்தம் 911 பேரின் பதக்கத்தைப் பறித்தார்கள். அப்படிப் பறித்தபோது போர்க்களத்தில் வைத்தியம் செய்த மேரி வோக்கருடையதும் சேர்ந்து போனது. அந்த அம்மாவின் பெயரைத் திரும்பச் சேர்த்தது 1977இல். அள்ளிக் கொடுத்தது ஒரு பிழை, அள்ளிப் பறித்தது அடுத்த பிழை.

ஒரு விஷயம் நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுபதுகளில் நான் ஒரு அரச கந்தோரில் இருந்தேன். படகு கவிழ்ந்தபோது நீந்திப் போய் ஆட்களைக் கரை சேர்த்த ஒரு மீனவருக்குப் பாராட்டு கேட்டு ஒரு கோப்பு வந்தது. சாட்சிகள் இரண்டு பேரும் கைநாட்டு வைத்திருந்தார்கள். கையொப்பம் தேவை என்று நான்தான் குறிப்பெழுதித் திருப்பினேன். மறுபடி வந்தது, திகதி இல்லை என்று திருப்பினேன். மூன்றாம் முறை அது வரவில்லை. விதிப்படி நான் செய்தது சரி. அந்த மனிதர் சந்தையில் என்னைக் கண்டால் சிரிப்பார், கோப்பு என் மேசையால்தான் போனது என்று அவருக்குத் தெரியாது. எனக்கு இன்று 79 வயது. அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மெல்பேர்ன் திருமலையாள்

அக்கா, நான் ஓர்ஸ்ஹில்லில் பிறந்தவள். இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. 2020 ஓகஸ்டில் கொரோனாவால் ஊர் பூட்டிக் கிடந்தது, பார்வையாளர் யாரும் வரமுடியாது. என் பொறுப்பில் ஒரு பழைய கடற்படைக்காரர் இருந்தார். ஒரு காலை பத்திரிகையைக் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். டெடி ஷீனுக்கு விக்டோரியா சிலுவை. வாசித்தேன். இன்னொருமுறை வாசி என்றார்.

டெடி ஷீன் டாஸ்மேனியாப் பெடியன், வயது 18. 1942 டிசம்பர் 1ஆம் திகதி திமோருக்குப் பக்கத்தில் ஆர்மிடேல் என்ற அவுஸ்திரேலியக் கடற்படைக் கப்பல் ஜப்பான் விமானங்களால் அடிபட்டுச் சாய்ந்தது. கப்பலைக் கைவிடக் கட்டளை வந்துவிட்டது. தண்ணீரில் குதித்தவர்களையும் விமானங்கள் சுட்டன. இவன் காயத்தோடு திரும்பிப் போய்ப் பீரங்கியோடு தன்னைக் கட்டிக்கொண்டு, கப்பல் அடியில் போகும்வரை சுட்டுக்கொண்டே இருந்தான். 149 பேரில் 49 பேர் மிஞ்சினார்கள்.

உங்கள் அம்மப்பாவுக்கு எழுதக்கூடிய சாட்சி இல்லாமல் போனது. இவனுக்குச் சாட்சி இருந்தது, கப்பல் தலைவரே பிழைத்து அறிக்கை எழுதினார். அப்படியிருந்தும் கிடைத்தது அறிக்கையில் பெயர் குறிப்பிடும் மிகச் சிறிய கௌரவம் மட்டும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் முறையில் போரில் இறந்த ஒருவருக்கு விக்டோரியா சிலுவையைக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் இந்தப் பெயர் குறிப்பு. நடுவில் உள்ள பதக்கங்கள் உயிரோடு இருப்பவர்களுக்கே. ஒரு படி குறைத்தால் நேரே அடிமட்டம்.

குடும்பத்தார் விடவில்லை. 2013இல் ஒரு விசாரணை வேண்டாம் என்றது. 2019இல் மேன்முறையீட்டு நியாயசபை கொடுக்கலாம் என்றது. 2020 மே மாதம் அரசு மறுத்தது. அப்புறம் இன்னொரு நிபுணர் குழு வைத்து, ஓகஸ்டில்தான் ராணி ஒப்புதல் கொடுத்தார். 78 வருடம். என் முதியவர் பத்திரிகையை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தார். அவனுடைய அம்மாவுக்குத் தெரியாமல் போச்சே என்று மட்டும் சொன்னார். சாப்பாட்டுத் தட்டை நான் திருப்பி எடுத்துப் போனேன், அன்று அவர் சாப்பிடவில்லை.

வரலாற்று ஆசிரியர்

சுருக்கமாக எழுதுகிறேன். ஒவ்வொரு ஏப்ரலும் உயர்தர மாணவர்களை நிலாவெளி வீதியில் உள்ள போர் மயானத்துக்குக் கூட்டிப்போவேன். போன வருடம் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், எல்லாக் கல்லும் ஒரே உயரமா இருக்கு. யார் பெரிய ஆள் என்று எப்படித் தெரியும்?" அப்படித் தெரியக்கூடாது என்பதுதான் அந்த மயானங்களின் விதி. தரம், இனம், மதம் பார்க்காமல் ஒரே அளவுக் கல்.

அன்று நான் அவர்களுக்குச் சொன்னது இரண்டு கட்டலினா விமானங்களின் கதை. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து பறந்த கனடா விமானி லெனார்ட் பேர்ச்சால் ஜப்பான் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். சுட்டு வீழ்த்தப்பட்டு, கைதியாகி, போர் முடிந்து திரும்பினார். பதக்கமும் கிடைத்தது, இலங்கையைக் காத்தவர் என்ற பெயரும் கிடைத்தது. இரண்டுக்கும் அவர் தகுதியானவர். ஐந்து நாள் கழித்து, அவருடைய 413ஆவது விமான அணியின் இன்னொரு கட்டலினா எங்கள் ஊரை நோக்கி வந்த அதே கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பத் தொடங்கியது. அதில் இருந்த ஒருவரும் திரும்பவில்லை. விமானியின் பெயர் ரே தோமஸ். எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டேன். வகுப்பில் ஒரு கையும் உயரவில்லை. திருமலைக்குச் செய்தி அனுப்பியவர் அவர்தானே.

நிறமும் ஒரு காரணமாக இருந்திருக்கிறது. 1856இல் தொடங்கிய விக்டோரியா சிலுவைக்கு இந்தியப் படையின் இந்தியச் சிப்பாய்கள் 1911 வரை தகுதியே பெறவில்லை. முதலில் வாங்கியவர் குதாதாத் கான், 1914இல் பெல்ஜியத்தில் நடந்த சண்டைக்காக. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட ஒரு கறுப்பினச் சிப்பாய்க்குக்கூட அந்தக் காலத்தில் மெடல் ஒஃப் ஒனர் கிடைக்கவில்லை. பழைய கோப்புகளை மறுபடி ஆராய்ந்து 1997இல் ஏழு பேருக்குக் கொடுத்தபோது உயிரோடு இருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவர்தான். கோப்பைத் திறக்க மனமிருந்தால் ஐந்து வருட விதி எல்லாம் கல்வெட்டு இல்லை என்பது அதிலிருந்து தெரிகிறது.

கிண்ணியாத் தம்பி

ராத்தா, நீங்கள் கொடி பேசவேண்டாம் என்றதால் எழுதுகிறேன். எங்கள் நானா, மூத்த சகோதரர், கடற்படையில் இருந்தார். தொண்ணூறுகளில் கடலில் மௌத்தானார். ஜனாஸா கூட வரவில்லை. படகில் இருந்து தப்பிய ஒருவர் மூன்று வருடம் கழித்து வீட்டுக்கு வந்து, நானா துவக்கை விடாமல் நின்றதால்தான் தாங்கள் குதிக்க முடிந்தது என்று உம்மாவிடம் சொன்னார். சிங்களத்தில் சொன்னார், வாப்பா தமிழில் உம்மாவுக்குச் சொன்னார்.

வாப்பா அதை எழுதிக்கொண்டு ஒரு கந்தோருக்குப் போனார். அந்தப் படகில் இருந்த அதிகாரியின் பரிந்துரை வேண்டும் என்றார்கள். அந்த அதிகாரியும் நானாவோடுதான் போனார். வாப்பா இதைச் சொன்னபோது, அப்படியென்றால் ஒன்றும் செய்ய இயலாது என்று கோப்பை மூடினார்களாம். எங்கள் ஆட்களுக்குக் கொடுக்கவே மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. நாட்டின் மிக உயர்ந்த பரம வீர விபூஷணயவை, 1996இல் முல்லைத்தீவுச் சண்டையில் இறந்த பஸ்லி லாபீருக்குக் கொடுத்திருக்கிறார்கள், அவர் முஸ்லிம்தான். ஆனால் அவர் கட்டளை அதிகாரி, எங்கள் நானா சாதாரண மாலுமி. மாலுமி செய்ததைப் பார்க்க வேண்டியவரும் அதே படகில் மூழ்கினால் யார் எழுதுவது? பிழைத்து வந்த மாலுமியின் வாய்ச்சொல்லுக்கு ஏன் பெறுமதி இல்லை?

உம்மா பதக்கம் கேட்கவே இல்லை. வந்து சொன்ன அந்த மனிதரின் தொலைபேசி இலக்கத்தைக் குர்ஆன் வைக்கும் அலுமாரியில் வைத்திருந்தார். பெருநாளுக்குப் பெருநாள் கதைப்பார்கள். இரண்டு பேருக்கும் மற்றவரின் மொழி பாதிதான் தெரியும்.

உப்புவெளி மகள்

தம்பி, உம்மாவின் அலுமாரியை வாசித்துவிட்டு நான் எழும்பிப் போய் அம்மாவின் பக்கத்தில் இருந்தேன். கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். வாசித்தார், மடித்தார், "அப்ப அவன் அனுப்பேல்லை" என்றார். பிறகு, தகப்பன் சொன்னதையெல்லாம் திரும்பவும் எனக்குச் சொன்னார். இந்த முறை நான் கைபேசியில் பதிவு செய்தேன், 41 நிமிடம்.

லிகிதர் ஐயா, நீங்கள் இங்கே எழுதியதற்கு நன்றி. ஒரு உதவி கேட்கட்டுமா? அம்மா சொன்னதைச் சத்தியக்கடதாசியாக எழுத வேண்டும், மூன்று எழுத்துக்கூட்டலும் ஒரே ஆள்தான் என்று முதல் வரியிலேயே வரவேண்டும். பதக்கத்துக்கு அனுப்பப் போவதில்லை. ஆசிரியர் ஒத்துக்கொண்டால் ஒரு பிரதியை அவருடைய பாடசாலை நூலகத்தில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். வசனம் பிழைக்காமல் எழுத உங்களைப் போல ஒருவர் வேண்டும்.

மற்றவர்களிடம் ஒரு கேள்வி. கொட்டிலுக்குள் போனவர்கள் ஐந்து பேர். அம்மப்பாவை விட்டால் நான்கு. அம்மாவுக்கு நினைவிருப்பது இவ்வளவுதான்: ஒருவர் தம்பலகாமத்தார், நெட்டையானவர், சுருட்டுப் பிடிப்பவர். ஒருவர் சாம்பல்தீவு, பிறகு தபால் கந்தோரில் வேலை செய்தவர். ஒருவர் இந்தியாவிலிருந்து வந்து சேர்ந்த பெடியன், போர் முடிந்ததும் திரும்பிப் போய்விட்டார். நான்காமவர் வெள்ளைமணல் பக்கம், அவருக்கும் கையில் தீக்காயம் இருந்தது, வலக்கை. உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒரு தாத்தாவைப் பற்றிச் சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள். கடதாசியில் ஐந்து பெயர்களுக்கும் இடம் விட்டு வைக்கிறேன்.