இசட்எக்ஸ்81: படம் வரையத் தொடங்கியதும் ஹால்ட்டில் நின்றுவிடுகிறது

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்):
வணக்கம் அண்ணன்மாரே. மாமா வீட்டுப் பரணில் ஒரு இசட்எக்ஸ்81 கிடைத்தது, 1981-இல் வந்த சின்க்ளேர் வீட்டுக் கணினி. அதில் படம் வரைய உதவும் யூஎல்ஏ சிப் செத்துவிட்டது. அதனால் முழுக் கணினியையும் டேங் நானோ 9கே எஃப்பிஜிஏ போர்டில் (உள் சுற்றை நாமே அமைக்கும் சிப்) வெரிலாக் என்ற வன்பொருள் மொழியில் எழுதுகிறேன். போன வருஷம் இதன் அடுத்த மாடலான ஸ்பெக்ட்ரமை இப்படிச் செய்து ஓட வைத்தவன். இது நாலே சிப், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆகிறது!

ரோம் ஓடுகிறது, 1 கிலோபைட் ராமைச் சோதித்தும் முடிக்கிறது. படம் தொடங்கியதும் ஹால்ட் சிக்னல் (சிபியு நின்று காத்திருக்கிறது என்ற அடையாளம்) இறங்கி அப்படியே கிடக்கிறது. திரையில் முதலில் வர வேண்டிய கே கர்சர் வரவே இல்லை. சிபியுவை எழுப்பும் ஐஎன்டி கோட்டை ஸ்பெக்ட்ரமில் போலவே செங்குத்து சிங்க்கோடு (டிவிக்குப் புதுப் படம் தொடங்குவதைச் சொல்லும் துடிப்பு) கட்டியிருக்கிறேன். கோர் (சிபியுவாக நடிக்கும் வெரிலாக் நிரல்) தப்பா, ரோம் தப்பா?

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
தம்பி, கோளாறை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஸ்பெக்ட்ரமில் யூஎல்ஏ தானாகப் படம் வரையும். இங்கே சிபியு உட்கார்ந்து வரைய வேண்டும், செங்குத்து சிங்க்கையும் ரோம் நிரல்தான் உண்டாக்குகிறது. உங்கள் சிபியு ஐஎன்டி-க்காகத் தூங்குகிறது, ஐஎன்டி சிங்க்குக்காகக் காத்திருக்கிறது, சிங்க் சிபியுவுக்காகக் காத்திருக்கிறது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்.

திரையில் உள்ள எழுத்துகளை சிபியு கட்டளைகளாகவே படிக்கிறது. 6-ஆம் பிட் 0 என்றால் யூஎல்ஏ அதை நோப் (எதுவும் செய்யாத கட்டளை) ஆக்கிவிடும். வரி முடிவில் இருக்கும் 118-க்கு அந்த பிட் 1, அதனால் அது அசல் ஹால்ட். எழுப்புவது யார்? ராமைப் புதுப்பிக்க ஒதுக்கிய ரெஃப்ரெஷ் நேரத்தில், சிபியுவுக்குள் எண்ணிக்கொண்டே இருக்கும் ஆர் ரெஜிஸ்டர் முகவரிக் கோடுகளில் வரும். எண்ணிக்கை ஏறி, ஏ6 என்ற முகவரிக் கோடு 0 ஆனதும் ஐஎன்டி. அசல் போர்டில் ஏ6-க்கும் ஐஎன்டி-க்கும் நேர் இணைப்புதான். என்ன கஞ்சத்தனமான அழகு பாருங்கள்.

கேட்டவர்:
ஏ6-ஐக் கட்டிவிட்டேன் அண்ணே. அதே நிலைதான். கோர் டிவி80.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
அதைச் சொல்லியிருக்கலாமே! டிவி80-இல் ரெஃப்ரெஷ் முகவரி தானாக வராது. டிவி80_ரெஃப்ரெஷ் என்ற டிஃபைனை (அந்த வசதியைத் திறக்கும் வரி) போட்டு மறுபடி தொகுங்கள். பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிக்கணும்.

கேட்டவர்:
கே வந்துவிட்டது!! ஆனால் படம் சாய்ந்து ஓடுகிறது. 27 மெகாஹெர்ட்ஸை 8-ஆல் வகுத்து சிபியுவுக்கு 3.375 கொடுக்கிறேன்.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
3.25 வேண்டும். ஒரு கோட்டுக்கு 207 துடிப்பு. உங்கள் கணக்கில் நொடிக்கு 16,304 கோடு வருகிறது, டிவி கேட்பது 15,625. கடிகார வேகத்தை மாற்றித் தரும் பிஎல்எல்-ஐப் பாருங்கள். மாமாவிடம் இன்னும் காட்ட வேண்டாம்.