பிரிட்ஸ் விரிகுடா நைஸ்: சிர்க்கானில் வரும் 750 மில்லியன் வயதை நம்பலாமா?

பனிக்கல்:

வணக்கம். கிழக்கு அண்டார்க்டிகாவின் பிரிட்ஸ் விரிகுடாக் கரையைச் சேர்ந்த ஒரு கார்னட்–சில்லிமனைட் நைஸ் (அந்த இரு கனிமங்கள் கொண்ட உருமாறிய பட்டைப் பாறை). அதன் சிர்க்கானை (யுரேனியத்தைத் தன்னுள் கொண்ட நுண்ணிய கனிமம்) லேசர் ஐசிபி-எம்எஸ் (லேசரால் குழி தோண்டி ஐசோடோப்புகளை எண்ணும் கருவி) வழியே யுரேனியம்–காரீய முறையில் அளந்தாயிற்று. புள்ளி அகலம் 30 மைக்ரான், மொத்தம் 70 புள்ளிகள். வயதுகள் 1000-இல் தொடங்கி 520 மில்லியன் ஆண்டு வரை இடைவெளியே இல்லாமல் பரவிக் கிடக்கின்றன. இரு முனையிலும் கூட்டம் அதிகம். நடுவே 750–800 பக்கம் ஒரு சின்ன மேடு.

206/238 (காரீயம்-206/யுரேனியம்-238) வயதும் 207/235 (காரீயம்-207/யுரேனியம்-235) வயதும் 5 விழுக்காட்டுக்கு மேல் விலகும் புள்ளிகளைக் கழித்த பிறகும் அந்த மேடு போகவில்லை. 1000 என்பது ரேனர் மலையாக்கம் (இந்தப் பகுதியின் பழைய மலை உருவாக்கம்), 530 என்பது கோண்ட்வானா (தென் கண்டங்கள் சேர்ந்திருந்த பெருங்கண்டம்) இணைந்த காலம் என்று புரிகிறது. நடுவில் இருப்பதை ரொடீனியா (கோண்ட்வானாவுக்கு முந்தைய பெருங்கண்டம்) உடைந்த காலத்துத் தனி உருமாற்றம் என்று எழுதலாமா? மேற்கொண்டு மோனசைட்டை (தோரியம் நிறைந்த பாஸ்பேட் கனிமம்) பார்ப்பதா, கார்னட்டைப் பார்ப்பதா?

கன்கார்டியா காவலன்:

எழுதாதீர்கள். குறைந்தது இந்தத் தரவை மட்டும் வைத்து எழுதாதீர்கள். காரணத்தைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

1000 மில்லியன் வயதுள்ள சிர்க்கானில் 206/238 விகிதம் 0.1678, 207/235 விகிதம் 1.677. 530-க்கு அவை 0.0857, 0.685. லேசர் குழி பாதி சிர்க்கானின் பழைய கருவிலும் பாதி அதைச் சுற்றிப் பிறகு வளர்ந்த விளிம்பிலும் விழுந்தது, இரண்டிலும் யுரேனியம் ஒரே அளவு என்று வைத்துக்கொள்வோம். கலவைக்கு 0.1268, 1.181 கிடைக்கும். இதை வயதாக மாற்றினால் 206/238 காட்டுவது சுமார் 769, 207/235 காட்டுவது சுமார் 792. வித்தியாசம் 3 விழுக்காடுதான். உங்கள் 5 விழுக்காட்டு வடிகட்டியில் அது தாராளமாக நுழைந்துவிடும். அந்த 750–800 மேடு எங்கிருந்து வந்தது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

1000-க்கும் 530-க்கும் நடுவே கன்கார்டியா வளைகோடு (இரு யுரேனியக் கடிகாரங்களும் ஒரே வயது காட்டும் புள்ளிகளின் கோடு) கிட்டத்தட்ட நேர்கோடாக ஓடுகிறது. கலவைப் புள்ளிகளும் காரீயம் பாதி கசிந்த புள்ளிகளும் அதை ஒட்டியே உட்காரும். 2500-க்கும் 530-க்கும் இடையிலான கலவை என்றால் வளைவைவிட்டு நன்றாக விலகித் தானே காட்டிக்கொடுத்துவிடும். இங்கே அந்த வசதி கிடையாது.

வடிகட்டியை 206/238-க்கும் 207/206-க்கும் (காரீயத்தின் இரு ஐசோடோப்புகளின் விகிதம்) இடையே வையுங்கள். மேலே சொன்ன கலவைக்கு 207/206 வயது 856 அளவில் வரும். வித்தியாசம் 10 விழுக்காடாக விரியும். ஆனால் இந்த வயது வரம்பில் 207/206-இன் பிழை ஒரு புள்ளிக்கு 30 மில்லியன் ஆண்டோ அதற்கு மேலோ இருக்கும். அதனால் வடிகட்டி மட்டும் உங்களைக் காப்பாற்றாது. ஒவ்வொரு புள்ளியின் நேரவாரி சமிக்ஞையை (லேசர் தோண்டத் தோண்ட வரும் அளவீடு) திறந்து பாருங்கள். லேசர் 15–20 மைக்ரான் ஆழம் தோண்டுகிறது. பாதியில் 207/206 விகிதம் படி இறங்கினால் குழி கருவிலிருந்து விளிம்புக்குள் புகுந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட புள்ளிகளைத் தூக்கிய பிறகும் மேடு நின்றால் மறுபடி பேசலாம்.

மெல்லிய தகடு:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். இன்னொரு அடி முன்னே போகலாம்: சிஎல் படம் (எலெக்ட்ரான் பட்டுச் சிர்க்கான் ஒளிரும்போது எடுத்த படம்) இல்லாத வயது வெறும் எண்தான். 70 புள்ளிகளையும் படத்தின் மேல் குறித்து, அலைவரிகள் கொண்ட கரு, சீரான சாம்பல் நிறப் பகுதி, பளிச்சென்ற விளிம்பு என்று பிரியுங்கள். இந்தப் பகுதிப் பாறைகளில் விளிம்பு பல சமயம் 10–20 மைக்ரான் அகலம்தான் இருக்கும். 30 மைக்ரான் புள்ளியை அங்கே வைத்தால் கலவை வராமல் வேறென்ன வரும்? மெல்லிய விளிம்புக்கு ஷ்ரிம்ப் போன்ற அயனிக்கற்றைக் கருவி தேவை; அது தோண்டும் ஆழம் 1–2 மைக்ரான்தான்.

தோரியம்/யுரேனியம் 0.1-க்குக் கீழே என்றால் உருமாற்றச் சிர்க்கான் என்ற விதியைப் பலரும் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கிறார்கள். கிரானுலைட் வெப்பநிலையில் (உருமாற்றத்தின் மிகச் சூடான நிலையில்) அது அடிக்கடி பொய்க்கும். தோரியத்தை விழுங்கும் மோனசைட் அருகில் இல்லையென்றால் உருமாற்ற விளிம்பிலும் விகிதம் 0.5, 1 என்று வரலாம்.

நம்பத்தக்கது அருமண் தனிமங்களின் வரைவு (லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை அவற்றின் அளவைக் காட்டும் கோடு). கார்னட் கனமான அருமண் தனிமங்களை ஈர்த்துக்கொள்ளும். கார்னட்டோடு சேர்ந்து வளர்ந்த சிர்க்கானில் கடோலினியம் முதல் லுட்டீசியம் வரை கோடு தட்டையாக ஓடும். கார்னட் இல்லாத சூழலில் வளர்ந்ததில் செங்குத்தாக ஏறும். 1000 கூட்டத்திலும் 530 கூட்டத்திலும் இந்த வரைவு எப்படி இருக்கிறது? இரண்டிலும் தட்டை என்றால் பாறை இருமுறை கார்னட் நிலைக்குப் போயிருக்கிறது. 1000-இல் செங்குத்து, 530-இல் தட்டை என்றால் உங்கள் கண்முன் உள்ள கார்னட் 530-க்குரியது. உருமாற்ற வரலாறே மாறிவிடும்.

இடைப்பட்ட 750 வயதுகளின் வரைவும் இரண்டுக்கும் நடுவிலேயே விழுந்தால் கலவை உறுதி. தனி நிகழ்வாக இருந்தால் தனிக் கையெழுத்து இருந்தாக வேண்டும்.

பனிக்கல்:

நன்றி. நேரவாரி சமிக்ஞையைத் திறந்தேன். 750–800 மேட்டில் இருந்த 9 புள்ளிகளில் 6-இல் படி தெளிவாகத் தெரிகிறது. மீதி 3 மங்கிய, அடையாளம் அழிந்த பகுதிகளில் விழுந்தவை. பாறையில் வெள்ளை உருகல் பட்டைகளும் (பாறை ஓரளவு உருகி உறைந்தவை) உண்டு. அடுத்து எதை எடுப்பது?

கருங்கல் உடைப்பவர்:

மீதி 3 காரீயம் கசிந்தவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். யுரேனியம் அளவைப் பாருங்கள். 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) தாண்டினால் சந்தேகமே வேண்டாம்.

முதலில் மோனசைட். உடைக்காமல், பாறையை அரைத்துச் செய்த மெல்லிய தகட்டிலேயே அளக்க வேண்டும். கார்னட்டுக்குள் சிக்கிய துகள் எது, வெளியே பயோடைட்டோடு (கரு மைக்கா) கிடப்பது எது என்ற தகவலே பாதி விடை. பாறையை உடைத்த நொடியில் அது போய்விடும். யிட்ரியம், தோரியம் வரைபடம் எடுத்துவிட்டுப் புள்ளி வையுங்கள். யுரேனியமும் தோரியமும் நிறைய இருப்பதால் 10–12 மைக்ரான் புள்ளி போதும். யிட்ரியம் குறைந்த பகுதி கார்னட் வளரும்போது உருவானது. கார்னட் சிதைந்து யிட்ரியத்தை விடுவித்தபின் வளர்ந்த விளிம்பில் அது கூடும். ஒப்பீட்டுக் கனிமம் (வயது முன்பே தெரிந்த மாதிரி) மோனசைட்டாகவே இருக்க வேண்டும், உதாரணமாக 425 மில்லியன் வயதுள்ள 44069 என்ற மாதிரி. சிர்க்கான் ஒப்பீட்டை வைத்து மோனசைட்டை அளந்தால் வயது சில விழுக்காடு தடம் மாறும். சூடான பாய்மம் மோனசைட்டை எளிதில் கரைத்து மறுபடி படியவைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். 1000-க்குரிய மோனசைட் வெளியே அழிந்து, கார்னட்டுக்குள் மட்டும் தப்பியிருக்கலாம்.

உருகல் பட்டையைத் தனியே வெட்டி 3–5 கிலோ எடுத்துச் சிர்க்கான் பிரியுங்கள். 250 மைக்ரான் சல்லடைக்குக் கீழே உள்ளதை மட்டும் அசைவு மேசையில் ஓட்டி, பிறகு கைக்காந்தம், ஃபிரான்ஸ் காந்தப் பிரிப்பான், மெத்திலீன் அயோடைடு என்ற கனத்த திரவம். அதன் அடர்த்தி 3.3, சில்லிமனைட் மிதக்கும், கார்னட் சிர்க்கானோடு சேர்ந்து மூழ்கும். ஆகவே கார்னட்டை முன்னாலேயே சுமார் 0.4 ஆம்பியரில் ஒதுக்குங்கள். யுரேனியம் மிகுந்து சிதைந்த சிர்க்கான் சற்றே காந்தத்துக்கு இழுபடும். காந்தமற்ற பங்கை மட்டும் எடுத்தால் அந்த வகை முழுக்கவே விடுபட்டுப்போகும். கையால் பொறுக்கும்போது அழகான தெளிந்த படிகத்தையே எடுக்கும் பழக்கமும் இதே தவறுதான்.

பட்டையில் வரும் வயது உச்ச வெப்பத்தின் வயது அல்ல. சூடேறும்போது சிர்க்கான் உருகலில் கரையும். உருகல் ஆறி உறையும்போதுதான் பெரும்பாலும் மறுபடி வளரும்.

அதற்கு முந்தைய கட்டம் வேண்டுமென்றால் கார்னட்டில் லுட்டீசியம்–ஹாஃப்னியம் (லுட்டீசியம் சிதைந்து ஹாஃப்னியம் ஆவதைக் கொண்டு வயது காணும் முறை). ஒரு பங்குக்கு 150–250 மில்லிகிராம் சுத்தமான கார்னட் வேண்டும். உயரழுத்தக் குப்பியில் கரைத்தால் உள்ளே சிக்கிய சிர்க்கானும் கரைந்து, பழைய ஹாஃப்னியத்தைக் கொட்டி ஐசோக்ரோனை (வயதைத் தரும் நேர்கோட்டை) கெடுத்துவிடும். சூட்டுத்தட்டில் மூடிய டெஃப்லான் குப்பியே நல்லது. கரைக்கும் முன் ஒரு படிகத்தின் குறுக்கே லேசரால் லுட்டீசியம் அளவை ஓட்டிப் பாருங்கள். நடுவில் உச்சம் இல்லாமல் தட்டையாக இருந்தால் நெடுங்கால வெப்பத்தில் அது பரவி அழிந்திருக்கிறது. அந்தக் கார்னட்டுக்குச் செலவு வேண்டாம்.

லாம்பர்ட் வாசி:

ஆய்வகப் பக்கம் சொல்லிவிட்டார்கள். நிலப்பரப்பைப் பற்றி இரண்டு வார்த்தை.

இந்த விவாதத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், விரிகுடாவில் 530 மட்டும் உயர்தர உருமாற்றம் என்று நிரூபித்தால், கோண்ட்வானாவின் இரு துண்டுகள் அங்கே மோதி ஒட்டின என்ற வாதம் வலுக்கும். 1000-இலும் கார்னட் வளர்ந்தது என்றால் அது கிழக்குத் தொடர்ச்சி மலையோடு இணைந்த ரேனர் நிலம். 530 அதன் மேல் மறுபடி விழுந்த சூடு என்று சொல்லவும் இடமுண்டு. நீங்கள் ஒரு 750-ஐயும் நடுவில் செருகினால், அடுத்து வருபவர்கள் அதற்கு ஒரு பெருங்கடல் திறந்து மூடிய கதையையே கட்டிவிடுவார்கள்.

பக்கத்துப் பாறைகளையும் பாருங்கள். வெஸ்ட்ஃபோல்ட் குன்றுகளின் கிரானுலைட் சுமார் 2500 மில்லியன் வயது; அவற்றை வெட்டிச்செல்லும் டைக்குகள் (பிளவில் புகுந்து உறைந்த பாறைச் சுவர்கள்) பெரும்பாலும் மடியாமல் அப்படியே நிற்கின்றன. அங்கிருந்து சில பத்து கிலோமீட்டர் தென்மேற்கே உள்ள ராவர் தீவுகளில் 1000-உம் 530-உம் பதிந்திருக்கின்றன. லார்ஸ்மன் குன்றுகளின் புரோகிரஸ் கிரானைட் சுமார் 515. அது எந்த மடிப்பை வெட்டுகிறது, எந்த மடிப்போடு சேர்ந்து மடிகிறது என்று களக்குறிப்பில் இருந்தால், உருமாற்றம் எப்போது அடங்கியது என்பதற்கு அதுவே கீழ்வரம்பு.

சுத்தமான சிர்க்கானே ஏமாற்றும் இடம் வேண்டுமென்றால் எண்டர்பி நிலத்து நேப்பியர் வளாகம். சுமார் 2500-இல் 1000 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறிய பாறைகள் அவை. சிர்க்கானுக்குள்ளேயே காரீயம் நகர்ந்து நுண்ணிய உலோகக் குமிழ்களாகத் தேங்கியிருக்கிறது. அதன்மேல் அயனிக்கற்றை விழுந்தால் உண்மையைவிடப் பழைய வயது வரும்; புள்ளி கன்கார்டியாவுக்கு மேலே ஏறி நிற்கும்.

குளிர்ச்சிக்கு ஹார்ன்பிளெண்ட், பயோடைட் ஆர்கான் வயதுகளைச் சேர்க்கலாம். முன்னது சுமார் 500–550, பின்னது சுமார் 300 பாகையில் ஆர்கானை வெளியேறவிடாமல் பூட்டும். பயோடைட் ஹார்ன்பிளெண்டைவிடப் பழையதாக வந்தால் மகிழ வேண்டாம், வெளியிலிருந்து புகுந்த உபரி ஆர்கான் அது.

மறுபடி மாதிரி எடுக்கப் போவதாக இருந்தால்: லார்ஸ்மன் குன்றுகளின் ஸ்டோர்னஸ் தீபகற்பம் சிறப்புப் பாதுகாப்புப் பகுதி எண் 174. போரான், பாஸ்பேட் கனிமங்களுக்காகவே காக்கப்படும் இடம் என்பதால் தனி அனுமதி இல்லாமல் அங்கே நுழையவே முடியாது. விண்ணப்பத்தில் கிலோ கணக்கையும் எழுதுங்கள்.